அறுபது புள்ளி

கிண்ணியாவில் சனூஸாவின் வாயிலிருந்து அவள் மகள்களைப் பற்றி ஒரு குறையைக் கேட்டவர் எவரும் இல்லை. மற்ற உம்மாமார் வேலியோரம் நின்று, "எண்ட குமர் ஒரு வேலைக்கும் உதவாது" என்று செல்லமாகத் திட்டிக்கொள்வார்கள். அதுகூட அவளுக்குப் பிடிக்காது. பெண்பிள்ளையைப் பற்றித் தாயே ஒரு சொல் வெளியே விட்டால், அது நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக் குசினி வரைக்கும் போய்விடும் என்பது அவள் எண்ணம். அதனால் யார் கேட்டாலும் அவளுடைய பிள்ளைகள் சமைப்பார்கள், ஓதுவார்கள், வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் றுஷ்தாவுக்கு இருபத்தாறு வயது. பிறந்த அன்றே டொக்டர் சொல்லிவிட்டார், இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சுணங்கித்தான் செய்யும் என்று. அப்படியே சுணங்கித்தான் செய்தாள். நாலு வயதில் நடந்தாள். ஏழு வயதில் "உம்மா" என்றாள். பள்ளிக்கூடத்தில் விசேட வகுப்பு என்று ஒன்று இருந்தவரைக்கும் போனாள், அதற்கு வந்த ஒரே டீச்சர் மாற்றலாகிப் போனதோடு வீட்டில் இருந்துவிட்டாள். பேச்சு நாலைந்து சொல்லுக்கு மேல் சேர்ந்து வராது. ஆனால் வீட்டில் பேசுவது ஒன்றுவிடாமல் அவளுக்கு விளங்கும், அதை மறந்து வாயைத் திறந்தவர்கள் பிறகு மாட்டிக்கொண்டதும் உண்டு. இளையவள் சப்ரினா. கலியாணம் முடித்து ஒரு குழந்தையோடு பின்வளவு வீட்டில் இருந்தாள், புருஷன் கத்தாரில்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான், வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். சனூஸாவின் புருஷன் முத்தலிப் காய்ச்சலில் போனபோது அவளிடம் பன்னிரண்டு பேர்ச் வளவு நிலமும் இரண்டு பெண்களும் ஓலைக்கூரையும்தான் இருந்தன. பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாள். ஒன்பது வருஷம் யாரோ ஒருவருடைய மாளிகையின் படிகளைத் துடைத்து, முன்னுக்கு ஒரு பெரிய கல்வீடு, பின்னுக்கு ஒரு சின்ன வீடு என்று கட்டி முடித்தாள். முன் வீடு சப்ரினாவுக்கு என்றுதான் ஊரே நினைத்தது. அவளோ பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் முன் வீட்டை மூத்தவள் பெயரில் எழுதினாள். றுஷ்தாவுக்கு அப்போது பதினேழு வயது, ஆகவே வயது குறைந்த பிள்ளைக்காகத் தாய் ஏற்றுக்கொண்டதாக உறுதிப் பத்திரம் முடிந்தது. "கையெழுத்துப் போடத் தெரியாத புள்ளைக்கு என்னத்துக்கு வீடு?" என்று முத்தலிப்பின் தங்கச்சி கேட்டாள். "குடியிருக்கக் கையெழுத்து வேணுமா மச்சி?" என்றாள் சனூஸா. மூத்த குமருக்குத்தான் முன் வீடு. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கஷ்டம் போன வருஷம் வந்தது. கத்தாரில் சப்ரினாவின் புருஷனுக்குக் குடும்ப விசா கிடைத்துவிட்டது. தையில் அவளுக்கும் குழந்தைக்கும் பயணம். நல்ல செய்திதான், சனூஸா பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரைப் பால்சோறுகூடச் செய்து கொடுத்தாள். ஆனால் அவள் காலையில் ஆறு மணி பஸ் எடுத்துப் பாலம் கடந்து டவுனுக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் மூன்று மணி வரைக்கும் நிற்கிறவள். அந்த நேரமெல்லாம் றுஷ்தாவைப் பார்த்துக்கொண்டவள் சப்ரினா. தைக்குப் பிறகு யார்?

வெள்ளோட்டம் பார்ப்போம் என்று, சப்ரினா மாமியார் வீட்டுக்குப் போன இரண்டு நாள், றுஷ்தாவை முன் வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போனாள் சனூஸா. முதல் நாள் திரும்பி வந்தபோது றுஷ்தா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடி இருந்தது. உடுப்பு நனைந்திருந்தது. இரண்டாம் நாளும் அதே இடத்தில் அதே மாதிரி. ஒன்பது மணித்தியாலம் அந்தப் பிள்ளை உட்காரவே இல்லை என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். சனூஸா அன்றைக்குக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வேலையை விட்டால் அடுப்பெரியாது, விடாவிட்டால் பிள்ளையைப் பூட்டிவைக்க வேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் சட்டம் வந்தது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசாங்கம் கட்டாயம் சேவை கொடுக்க வேண்டும் என்று ஒரு புதுச் சட்டம். சமூக சேவை உத்தியோகத்தர் றிஸ்வி பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம் வைத்து விளக்கினான். நல்ல பொடியன், சொந்தச் செலவில் போட்டோ கொப்பி அடித்துக் கொடுக்கிறவன். டவுனில் துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தில் பகல் நிலையம் திறக்கப் போகிறார்கள். காலையில் வான் வண்டி வந்து ஏற்றும், பின்னேரம் கொண்டுவந்து விடும். பேச்சுப் பயிற்சி, கைவேலை, மத்தியானச் சாப்பாடு. கிண்ணியாவுக்குப் பன்னிரண்டு இடம். கேட்கக் கேட்க சனூஸாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படி ஒரு சட்டம் எழுதினவன் நல்லா இருக்கட்டும் என்று கையேந்தி துஆக் கேட்டாள்.

அந்தத் துஆவை அவள் கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருக்கலாம்.

விண்ணப்பம் பதினாலு பக்கம். சப்ரினா வாசித்தாள், சனூஸா சொல்லச் சொல்ல எழுதினாள். "விண்ணப்பதாரருக்கு அசையாச் சொத்து உண்டா" என்ற இடத்தில் சனூஸா நிமிர்ந்து உட்கார்ந்து, "எழுது, சொந்த வீடு, கல்வீடு, பன்னிரண்டு பேர்ச் வளவில முன் வீடு" என்றாள். எழுதியதோடு நிற்கவில்லை. யாரும் கேட்காமலே உறுதியின் கொப்பி ஒன்றையும் சேர்த்துக் குத்தினாள். பெண் பேச வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தானே.

நேர்முகத்துக்கு றுஷ்தாவுக்குப் பெருநாள் உடுப்பு. கையில் மருதாணி. அரசாங்கக் கந்தோரில் மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொரு வேலையாகக் கேட்டார்கள். தானாகச் செய்வாரா, உதவியோடு செய்வாரா, செய்யவே முடியாதா. சனூஸா ஒன்றுக்கும் தடுமாறவில்லை. உடுப்பு உடுத்துவாளா? "மாஷா அல்லாஹ், எல்லாம் அவதான்." தலைவாருவாளா? "வாருவா." தேத்தண்ணீர்? "போடுவா, ஒரு சொட்டு சிந்த மாட்டா." உண்மையில் அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கவைத்து, தேயிலை போட்டு, வடித்தும் கொடுத்தால் றுஷ்தா சீனியைக் கலக்குவாள், அவ்வளவுதான். ஆனால் மூன்று அந்நியர் முன்னால் தன் மூத்த குமரைப் பற்றி வேறு எப்படிச் சொல்வது என்று சனூஸாவுக்கு ஒருபோதும் தோன்றவில்லை. றுஷ்தா கதிரையில் உட்கார்ந்து சிரித்தபடி, ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். வெளியே வரும்போது சனூஸாவுக்கு நடையே மாறிவிட்டது.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சிங்களத்தில். அதைத் தூக்கிக்கொண்டு றிஸ்வியிடம் ஓடினாள். அவன் வாசித்துவிட்டுத் தாளை மடித்து மேசையில் வைத்தான்.

"ராத்தா, கிடைக்கல்ல."

"ஏன் தம்பி? எல்லாத்துக்கும் நல்லாத்தானே பதில் சொன்னனான்?"

"அதுதான் பிரச்சினை."

அவன் விளக்கினான். இருபது வேலை. தானாகச் செய்தால் பூச்சியம், உதவியோடு செய்தால் இரண்டு, செய்யவே முடியாவிட்டால் ஐந்து புள்ளி. புள்ளி கூடினால்தான் இடம். றுஷ்தாவுக்கு எட்டுப் புள்ளி. அதற்கு மேல் வீடு வேறு. தன் பெயரில் அசையாச் சொத்து உள்ளவர்கள் இந்த இலவச சேவைக்குள் வர மாட்டார்கள் என்று சட்டத்தில் ஒரு பிரிவு.

"அப்ப வீட்ட எண்ட பேருக்கு மாத்துறன்."

"அவ கையெழுத்துப் போடணும் ராத்தா."

நொத்தாரிசிடமும் போய்ப் பார்த்தாள். விளங்கிக் கையெழுத்துப் போட முடியாதவரிடமிருந்து உறுதி எழுத முடியாது, கோர்ட்டுக்குப் போய் ஒரு பொறுப்பாளரை நியமித்துக்கொண்டு வா என்றார். எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டதற்குச் சிரித்தார். இதையெல்லாம் யோசித்துப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். வீட்டுக்காரி என்று சொல்லி இடத்தை மறுக்க ஒரு சட்டம், அந்த வீட்டைக் கொடுக்க உனக்குப் புத்தி போதாது என்று சொல்ல இன்னொரு சட்டம். இரண்டையும் எழுதினவர்கள் ஒருநாளும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்ததில்லை போலும். சனூஸா பஸ் தரிப்பிடத்தில் நின்று யாரை ஏசுவது என்று தெரியாமல், வெயிலை ஏசினாள்.

ஒரு வழிதான் மிச்சம் என்றான் றிஸ்வி. மேன்முறையீடு. அறுபது புள்ளிக்கு மேல் வந்தால் வீடு இருந்தாலும் விதிவிலக்கு உண்டு. "இந்த முறை உள்ளத உள்ளபடி சொல்லுங்க ராத்தா. நல்ல நாள்ல செய்றத சொல்லாதீங்க. கெட்ட நாள்ல எப்பிடியோ அதச் சொல்லுங்க. ஏலாது எண்டு சொல்றதுக்கு வெக்கப்படாதீங்க."

வீட்டில் சப்ரினா தாயைப் பழக்கினாள். றுஷ்தா குழந்தையோடு முற்றத்தில் விளையாடும் நேரம் பார்த்து இருவரும் குசினிக்குள் உட்காருவார்கள்.

"உடுப்பு உடுத்துவாவா?"

"பட்டன் மட்டும் நான் பூட்டி உடுவன், மத்தப்படி..."

"உம்மா! ஏலாது எண்டு சொல்லுங்க."

"பாவாடை அவளே போடுறாதானே."

"பின்பக்கம் முன்னால வாற மாதிரிப் போடுறா. ஏலாது!"

"நீயே சொல்லு. நீதானே கத்தாருக்குப் போறாய்," என்று ஒருநாள் சனூஸா கத்திவிட்டாள். சப்ரினா அழுதுகொண்டு பின்வளவுக்குப் போனாள். பிறகு சனூஸாவே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு முழுவதும் பருப்பு அரித்துக்கொண்டே "ஏலாது, ஏலாது" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் ஒருவருக்கும் சொல்லாத சொல் நாக்கில் ஏறுவதாக இல்லை.

மேன்முறையீட்டு நாளில் பெருநாள் உடுப்பு இல்லை. வீட்டு உடுப்போடு வந்த றுஷ்தா அதைப் பற்றிப் பஸ்ஸில் இரண்டு முறை குறைபட்டுக்கொண்டாள். கந்தோர் வாசலில் சனூஸா றிஸ்வியைத் தனியே கூப்பிட்டு, மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போகலாமா என்று கேட்டாள்.

"ஏலாது ராத்தா. சட்டத்தில இருக்கு. அவங்களப் பத்தி எடுக்கிற முடிவு அவங்க முன்னாலதான் எடுக்கணும். அது அவங்கட உரிமை."

சட்டத்தில் நல்ல பிரிவு எது என்று கேட்டால் அதுதான். யாரோ உண்மையாகவே யோசித்து, இரக்கப்பட்டு எழுதியிருக்க வேண்டும். அந்த நல்ல பிரிவினால்தான் றுஷ்தா உள்ளே போய்த் தாயின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

நடுவில் இருந்தவர் டொக்டர் துஷாந்தி. அமைதியான முகம். "றுஷ்தா, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று முதலில் பிள்ளையிடம்தான் கதைத்தார். றுஷ்தாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. "நல்லம்," என்றாள். பிறகு டொக்டர் தாளைப் புரட்டினார்.

"தானாக உடுப்பு உடுத்துவாவோ அம்மா?"

சனூஸா மேசையைப் பார்த்தாள். "ஏலாது."

"ஏலும்," என்றாள் றுஷ்தா.

டொக்டர் சிரித்தார். "நீங்களும் சொல்லலாம் றுஷ்தா. ஆனா இப்ப அம்மா சொல்லட்டும், என்ன?" பக்கத்தில் இருந்தவர் எழுதினார்.

"தலைவாருவாவோ?"

"ஏலாது."

"எனக்கு ஏலும் உம்மா." றுஷ்தா தாயின் கையைத் தட்டினாள். உம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து ஞாபகப்படுத்தினாள். முதல் தடவை இதே கந்தோரில் உம்மா சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. "தேத்தண்ணி போடுவன்," என்று டொக்டரிடம் தானாகவே சொன்னாள். "சிந்த மாட்டன்."

"அவவுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது," என்றாள் சனூஸா. "கொதிக்கிற தண்ணிய விடேலாது. ஒரு தரம் கால்ல ஊத்திக்கிட்டா." அது உண்மை. உண்மையைச் சொல்லும்போது எதற்குப் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. சாமான் வாங்க? ஏலாது. பாதை கடக்க? ஏலாது. சுகமில்லை என்றால் சொல்ல? ஏலாது. கேள்வி போகப் போகப் பழகிவிட்டது, பருப்பு அரித்தபோது வராத சொல் இப்போது கேட்குமுன்னே வந்து நின்றது. குளிக்க மட்டும் உதவியோடு என்றாள், இன்னும் இரண்டொன்றுக்கு அப்படிச் சொன்னாள். சிலதைத் தானாகவே செய்வாள் என்று மறைக்காமலும் சொன்னாள்.

றுஷ்தா "ஏலும்" என்று சொல்வதைப் பத்தாவது கேள்வியோடு நிறுத்திவிட்டாள். சனூஸா அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எல்லாம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

பத்தொன்பது கேள்வி முடிந்தது. கூட வந்து ஓரத்தில் உட்கார்ந்து பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்த றிஸ்வி, தாளை மெல்லச் சாய்த்துக் காட்டினான். ஐம்பத்தாறு.

"கடைசிக் கேள்வி," என்றார் டொக்டர் துஷாந்தி. "சாப்பாடு. தானாகச் சாப்பிடுவாவோ?"

றுஷ்தா தானாகத்தான் சாப்பிடுவாள். அவள் இந்த உலகத்தில் முழுவதும் சரியாகச் செய்கிற ஒரு காரியம் அது. சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, சோற்றுக் கோப்பையைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட அவளுக்கு மூன்று வருஷம் பழக்கினாள் சனூஸா. குவைத்துக்குப் போவதற்கு முன்னால், தன் தாய்க்கு அந்தச் சுமை மட்டுமாவது இருக்கக் கூடாது என்று பழக்கினாள். உதவியோடு என்றால் இரண்டு புள்ளி, ஐம்பத்தெட்டுத்தான் வரும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள். தைக்கு இன்னும் ஐந்து கிழமை.

"ஏலாது," என்றாள் சனூஸா. "நான்தான் வாயில தீத்துறன்."

பக்கத்தில் இருந்தவர் ஐந்து என்று எழுதினார். அல்லாஹ்வுக்கு முன்னால் இந்தப் பொய்க்கு யார் பொறுப்பு என்று சனூஸாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்கிறவர்கள் ஒரு தரமாவது, "தனியே பூட்டிவைத்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்டிருந்தால் அவள் ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டாளே. அந்தக் கேள்வி இருபதில் ஒன்றாகவும் இல்லை.

அறுபத்தொன்று. டொக்டர் கையெழுத்துப் போட்டார். தை மாதம் முதல் திங்கட்கிழமை வான் வரும், இந்த முறை கடிதம் தமிழிலேயே வரும் என்றார். வாசலில் றிஸ்வி, "அல்ஹம்துலில்லாஹ், வெண்டுட்டீங்க ராத்தா," என்றான். றுஷ்தா தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ் பாலத்தில் ஏறும்போது எப்போதும் தோணிகளைக் காட்டிக் கைதட்டுகிறவள், அன்றைக்கு மடியைப் பார்த்தபடி இருந்தாள்.

வீட்டுக்கு வர மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. சப்ரினா சோறும் பாரைமீன் குழம்பும் ஆக்கி வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்து, புருஷனுக்குப் போன் எடுக்கப் பின்வளவுக்கு ஓடினாள். சனூஸா மகளைக் கதிரையில் உட்காரவைத்து, கை கழுவிவிட்டு, கோப்பையில் சோறு போட்டுப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"தின்னுங்க மகள். பசிச்சிருக்கும்."

றுஷ்தா கையை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"என்ன மகள்? கோவமா? தின்னுங்க, ஆறப் போகுது."

"ஏலாது," என்றாள் றுஷ்தா.

கோபமாகச் சொல்லவில்லை. டொக்டர் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, ஒழுங்காக உட்கார்ந்து சொன்னாள்.

"ஏலும்! ஒங்களுக்கு ஏலும் மகள்! அது சும்மா, அந்தக் கந்தோருக்குச் சொன்ன கதை!" சனூஸா மகளின் வலது கையை எடுத்துச் சோற்றுக்குள் வைத்தாள். விரல்களை மடக்கிப் பிசைய வைத்தாள். விட்டவுடன் கை சோற்றின் மேல் அப்படியே கிடந்தது. இன்னொரு தரம் வைத்தாள். "தின்னு!" என்று கத்தினாள். கத்தியது பின்வளவு வரைக்கும் கேட்டிருக்கும்.

"உம்மா சொன்னீங்க," என்றாள் றுஷ்தா. சொல்லிவிட்டு, வாயைத் திறந்து காத்திருந்தாள்.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. சனூஸா கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முள் எடுத்து, முதல் பிடியை ஊட்டினாள்.